சைலன்சர் மாற்றம்: தடையைவிட அளவீடே தேவை

ஆசிரியருக்கு,

மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர்களை முற்றிலும் தடை செய்ய வேண்டும் என்று வலியுறுத்திய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். உறங்கும் குழந்தையையும் நோயாளியையும் திடுக்கிட வைக்கும் இரைச்சலுக்கு எதிரான தங்கள் கோபம் நியாயமானதே; ஆனால், ஸ்போர்ட்ஸ் காரின் புகைக்குழாயை முறையாகச் சீரமைப்பது வேறு, சைலன்சரையும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிவது வேறு. எரிந்த வாயு எளிதாக வெளியேற, வளைவுகளில் நசுங்காத குழாயும் தடுப்பறைகள் இல்லாத நேர்வழி சைலன்சரும் பெரிதும் உதவும். காதை உறுத்தும் குறிப்பிட்ட அதிர்வெண்களை, குழாயில் பொருத்தப்படும் ரெசனேட்டர் என்னும் ஒலியடக்கும் அறை தணித்துவிடும்.

குழாய் பெரிதானால் திறனும் கூடும் என்று நம்பி, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத என் காரில் அளவுக்கு மீறி அகன்ற குழாயைப் பொருத்தியவன் நான். வாயுவின் ஓட்ட வேகம் குறைந்ததால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இழுவை சோர்ந்தது. நெடும்பயணங்களில் காருக்குள் எழுந்த ரீங்காரம் தலைவலியைத் தந்தது. சற்றே குறுகிய குழாயையும் ரெசனேட்டரையும் பொருத்திய பிறகே இழுவை மீண்டது. ஒலியும், எனக்கு மிகவும் பிடித்த அந்தக் கனம் குறையாமலேயே, அடங்கியது. எனவே, தோற்றத்தை மட்டும் பார்த்து அபராதம் விதிப்பதை விடுத்து, குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில் 45 டிகிரி கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து அளக்கும் ஐ.எஸ்.ஓ. 5130 என்னும் சர்வதேசத் தர முறைச் சோதனையையும் புகைப் பரிசோதனையையும் கட்டாயமாக்கி, இரண்டிலும் தேறும் கார்களுக்கு அனுமதிச் சான்று வழங்கலாம்.