செல்வத்துக்கு, டயர் விஷயமாக

மதுரை,
ஐப்பசி கடைசி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. சாப்டூர் பக்கம் நல்ல மழை, கண்மாய் பெருகிவிட்டது என்று நீ எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, சொட்டு மருந்து மட்டும் வேளை தவறாமல் விடவேண்டும். "செல்வத்தை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு" என்கிறார். கடையில் வேலை அதிகம். மழை பிடித்த பிறகுதான் எல்லோருக்கும் மொட்டை டயர் ஞாபகத்துக்கு வருகிறது.

சரி, உன் மாருதி ஜிம்னி ஜீப்புக்கு வருகிறேன். 235/75 ஆர்15 (அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்) டயரைக் கம்பெனி ரிம்மிலேயே மாட்டலாம், வண்டி எடுப்பாக இருக்கும் என்று உன் தங்கை மகன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் செல்வம். டயரை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த ரிம்முக்கு அந்த அளவு ஆகாது.

ரிம்மின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பார், 15×5½ஜே என்று இருக்கும். அகலம் ஐந்தரை அங்குலம். 235/75 டயருக்குக் குறைந்தது 6 அங்குலம் வேண்டும், ஆறரை இருந்தால் இன்னும் நல்லது. ஐந்தரையிலும் டயர் ஏறிவிடும், காற்றும் நிற்கும். ஆனால் பக்கச்சுவர் புடைத்து, நடுப்பகுதி மேடேறிவிடும். சோழவந்தான் பக்கத்துத் தம்பி ஒருவன் இப்படி மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். தரையில் படும் ரப்பர் கட்டைகள், அதாவது பட்டன்மேல் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை நேராகக் கொஞ்ச தூரம் உருட்டச் சொன்னேன். நடுவில் கோடு சுத்தமாக அழிந்துவிட்டது. இரண்டு ஓரத்திலும் போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது. அகலத்துக்காகத்தான் காசு கொடுத்தான், அந்த அகலம் தரையில் படவே இல்லை. அப்புறம் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்த்தோம். வீல் ஆர்ச்சின் உள் பிளாஸ்டிக்கில் டயர் உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது, மட்ஃப்ளாப்பின் ஓரம் சுருண்டு கிடந்தது. தார் ரோட்டிலேயே இந்தக் கதி. ஒரு சக்கரம் வரப்பில் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது இன்னும் மோசமாக உரசும்.

தரையிலிருந்து உயரம் கிடைக்குமே என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும், ஆக்சிலில் தொங்கும் பல்சக்கரக் கூடான டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் இடிப்பது அதுதான். அதைத் தூக்க டயர் ஒன்றுதான் வழி. எவ்வளவு தூக்கும் என்று கணக்குப் போட்டுப் பார். உன் வண்டியோடு வந்த 195/80 டயரில் பக்கச்சுவர் 195-இல் 80 சதவீதம், அதாவது 156 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 312, நடுவில் 15 அங்குல ரிம் 381, ஆக மொத்தம் 693. 235/75 டயரில் இதே கணக்கு 733-க்கு மேல் வரும். நாற்பது கூடினாலும் ஆக்சில் நடுவில் இருப்பதால் உனக்குக் கிடைப்பது பாதி, 20 மில்லிமீட்டர். இதற்காக ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ஐத் தொடும். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின் கனமான சக்கரத்தைச் சுற்ற வேண்டும், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைத்துக்கொண்டே இருப்பாய். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடை கூடி, கதவுக் கீலும் சீக்கிரம் ஆட்டம் காணும்.

நான் சொல்வது 215/75 ஆர்15. ஐந்தரை அங்குல ரிம் அதற்குப் பொருந்தும். விட்டம் 703 சொச்சம், உயரம் 5 மில்லிமீட்டர்தான் கூடும். இதற்குத்தானா இவ்வளவு பேச்சு என்று உனக்குத் தோன்றும். உன் காட்டில் வண்டி சிக்குவது உயரம் போதாமல் இல்லையே! கரிசலில் மழை பெய்தால் மேல் மண் களியாகி, பட்டன் இடுக்கெல்லாம் அப்பி, டயர் வழுவழுவென்று உருண்டையாகிவிடும். பிடிப்பு போவது அங்கேதான். ஒரு மழைக்குக் கீழ் மண் இறுகியேதான் இருக்கும், குறுகலான டயர் களியை அறுத்துக்கொண்டு அதில் போய் நிற்கும். அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும். ஆற்று மணலுக்கு அகலம் நல்லது, உனக்கு மணல் வேலை இல்லை.

அதனால் பட்டனைப் பார்த்து வாங்கு. மட் டெரெய்ன் டயர் இடைவெளி பெரிதாக இருந்து சேற்றை உதறிவிடும், ஆனால் கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று நீ ஓட்டுவதில் பெரும்பகுதி தார் ரோடு. அங்கே அது இரைச்சல் போடும், நனைந்த ரோட்டில் பிரேக்கும் மெதுவாகத்தான் பிடிக்கும். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதும். சேற்றில் இறங்குமுன் காற்றை 18 பவுண்டுக்குக் குறைத்துக்கொள், டயர் நீளவாக்கில் படிந்து பிடிக்கும். மெதுவாகவே ஓட்டு, சட்டென்று ஒடிக்காதே. தார் ரோட்டுக்கு ஏறியதும் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குத் திரும்ப ஏற்றிவிட வேண்டும், மறந்தால் டயர் சூடேறிக் கிழியும். பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள். பெரிய டயரைவிட உனக்கு உதவப்போவது அதுதான்.

ஐந்தையும் சேர்த்தே மாற்று. ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்து, அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து கியர்பாக்ஸை முறுக்கும். பழைய டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 96 எஸ் என்பது போல ஒரு குறி இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம். புதியது இதற்குக் குறையக் கூடாது. வண்டியின் புத்தகத்தில் இல்லாத அளவு என்பதால் இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடு.

மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டாளா? அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி இதுதான் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். டயரை எங்கே வேண்டுமானாலும் வாங்கு, மாட்டுவதும் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் நம் கடையில்தான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் இருப்பேன். காலையிலேயே வந்தால் அம்மாவையும் பார்த்துவிட்டு, மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
முருகேசன்