பாதி ரோடு, பாதி ரோடாக

அன்புள்ள சண்முகம்,

பேத்தி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பள்ளிக்கு எதிரே ரோட்டைக் கடக்க சிக்னல் தரமாட்டோம், ஜீப்ரா கோடு மட்டும்தான் போடுவோம் என்கிறார்களாமே. அதை வாங்கிக்கொள், ஆனால் அதோடு விட்டுவிடாதே.

நாலு தட ரோடு என்றால் 14 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்க 12 நொடி. 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 130 மீட்டர் வந்துவிடும். காலை எட்டரைக்கு அவ்வளவு இடைவெளிக்கு எங்கே போவது? அதனால்தான் ஜனங்கள் தடம் தடமாக நழுவி, நடுக்கோட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ரோட்டின் நடுவே நின்றுகொள்ள 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு கேள். அப்போது ஒவ்வொரு பாதிக்கும் 6 நொடி, 65 மீட்டர் இருந்தால் கடந்துவிடலாம். திட்டு ஒரு மீட்டரில் முடிந்தால் சைக்கிளின் பின்சக்கரம் ரோட்டில்தான் நிற்கும்.

பெரிய ஆபத்து, நமக்காக நிற்கும் வண்டியால் வருவது. பஸ் நின்று வழிவிடும். அதன் வலப்பக்கத்தில் வரும் பைக்காரனுக்கு நடப்பவர் தெரியமாட்டார். பஸ்ஸின் வலது ஓரம்வரை போய், நின்று, எட்டிப் பார்த்துவிட்டே அடுத்த அடி. வண்டிகள் நிற்கவேண்டிய நிறுத்தக் கோட்டைக் கடவையை, அதாவது நாம் கடக்கும் ஜீப்ரா கோட்டை, ஒட்டிப் போடாமல் 6 மீட்டராவது தள்ளிப் போட்டால் இந்த மறைப்பு பெரிதும் குறையும். ஷேர் ஆட்டோ கடவையோரம் நிற்பதும் இதே கேடுதான்.

பேத்திக்கு ஒன்று சொல்லிக்கொடு: இறங்கிவிட்டால் ஓடவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது. பைக்காரன் நம் நடையைக் கணித்து, முதுகுக்குப் பின்னால் வளைந்து போகப் பார்ப்பான். பயந்து ஓர் அடி பின்னால் வைத்தால் நேரே அவன் முன்னால்.

சிக்னல் இல்லாத கடவையில் வேகம் குறைத்து, நின்று வழிவிட வேண்டும் என்று 2017 ஓட்டுநர் விதிமுறைகளே சொல்கின்றன. ஆனாலும் கோட்டைவிட மேட்டுக்குத்தான் வண்டி பணியும். கடவையையே 10 செ.மீ. உயர்த்தித் தரச் சொல். ஓரத்தில் தண்ணீர் போகக் குழாய் வைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குக் குட்டை கட்டிவிடும், பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு வேறெங்காவது கடப்பார்கள்.

ரோட்டை அளந்துவிட்டு அகலத்தை எழுது.

அன்புடன்,
வேலு