பிளம்பர் கூலிக்கு உச்சவரம்பு வைக்கும் சங்கச் செயலாளர்களுக்கு

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் வளாகத்தில் லிஃப்டுக்கு அருகே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. நண்பர்கள் குடியிருக்கும் வேறு சில இடங்களிலும் ஏறக்குறைய இதே வாசகத்தைப் பார்த்தேன். ‘பிளம்பர், எலெக்ட்ரீஷியன் யாருக்கும் வருகைக் கட்டணம் கொடுக்கக் கூடாது. குழாய் மாற்ற 150 ரூபாய், ஃப்ளஷ் டேங்க் பழுதுக்கு 250, அடைப்பு எடுக்க 300. மீறிக் கேட்பவர்கள் வளாகத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டார்கள்.’ கீழே செயலாளரின் கையெழுத்து, சங்கத்தின் முத்திரை.

இதை ஒட்டியவர்களின் எரிச்சல் நியாயமானது. வாஷ்பேசின் குழாயில் ஒரு வாஷரை மாற்றிவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அதே வேலைக்கு எதிர்வீட்டில் முந்நூறுதான் வாங்கினார் என்று தெரிந்தால் அன்றைய தூக்கம் போச்சு. கேட்கிற தொகை சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒன்றும் இல்லை, அதுதான் உறுத்துகிறது. ஆனால் இந்தத் தாளால் யாருடைய செலவும் குறையப்போவதில்லை. கூடத்தான் செய்யும். சில ஆண்டுகள் ஒரு சங்கத்தின் பொருளாளராக இருந்து வவுச்சர்களைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உச்சவரம்பு வந்த பிறகு என் கைக்கு வந்த ஒரு சீட்டைப் பாருங்கள். ஹார்டுவேர் கடையின் பில் புத்தகத்தில் கிழித்த தாள். ‘வேலை – 150’ என்று சங்கத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு முதல் வரி. அதற்குக் கீழே ஆங்கிள் காக் (சுவரோரம் தண்ணீரைத் திறந்து மூடும் சிறு குழாய்) ஒன்று, கனெக்‌ஷன் டியூப் இரண்டு, கசியாமல் இருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் மூன்று சுருள், கடைசியாக ‘இதர – 240’. ஒரு ஆங்கிள் காக்கைப் பொருத்த மூன்று சுருள் டேப் எதற்கு? அந்த ‘இதர’ என்பது என்ன? அன்று அந்த வீட்டம்மாள் கேட்கவில்லை. கூலி 150தான் என்ற மகிழ்ச்சியில் கொடுத்து அனுப்பிவிட்டார். வருகைக் கட்டணம் எங்கும் போய்விடவில்லை. வேறு பெயரில், கொஞ்சம் கூடுதலாகவே, சாமான் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. வாடிக்கையாக ஆள் அனுப்பும் கைவினைஞருக்குக் கடைக்காரர் ஒரு பங்கு கொடுப்பது ஊரறிந்த வழக்கம். பெயிண்ட் டப்பாவுக்குள் டோக்கன் இருப்பதும், அதைப் பெயிண்டர் எடுத்துக்கொள்வதும் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். குழாய், ஃபிட்டிங் நிறுவனங்களும் பிளம்பர்களுக்கென்று புள்ளித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. கூலியில் நியாயமாகக் கிடைக்காததைச் சாமானில் எடுக்கும் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. சங்கம் கூலியை நெரித்தால் அவர் அந்த வழியாகத்தான் போவார். அதைவிட மோசம், வாஷர் மாற்றினால் போதும் என்கிற இடத்தில் முழுக் குழாயையும் மாற்றச் சொல்வார். பத்து ரூபாய் வாஷரில் அவருக்கு என்ன மிஞ்சும்?

வருகைக் கட்டணம் என்பது என்னவென்று கொஞ்சம் பார்ப்போம். அடையாறிலும் மயிலாப்பூரிலும் நம் வீடுகளுக்கு வருகிறவர்களில் பலர் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள். ஊருக்கு நடுவே கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்திக் குடியேற்றிய இடங்கள் அவை. வேலை இருக்கும் இடத்திலிருந்து அவர்களை அத்தனை தூரம் அனுப்பியாயிற்று. இப்போது வந்துபோகக் காசு கேட்கிறாரே என்று அங்கலாய்க்கிறோம். லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டுவிட்ட பெட்ரோல், பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசல், இருபது கிலோ கருவிப் பை. வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை, அல்லது ‘சாயந்திரம் வாருங்கள், இப்போது தூங்குகிறார்கள்’. ஒரு நாளில் மூன்று, நான்கு வீட்டுக்கு மேல் அவரால் போக முடியாது.

அந்த எண்ணிக்கையைக் குறைப்பதில் நமக்கும் பங்கு உண்டு. பழுது வேலை காலை பத்திலிருந்து ஒன்றுவரை, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துவரை மட்டுமே, ஞாயிறு கிடையாது. வாசலில் பதிவேடு, ஆதார் நகல், புகைப்படம்; வீட்டுக்காரர் போனை எடுக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று எழுதிவைத்திருக்கும் வளாகங்களும் உண்டு (அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம், கோபம் அடங்கட்டும்). ஒரு சிறு ஸ்பேனர் எடுத்துவர மறந்துவிட்டால் ஏழு மாடி இறங்கி, மறுபடி கையெழுத்துப் போட்டு, ஏழு மாடி ஏற வேண்டும். அவர் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அது வீட்டுக்காரர்தான்.

வாஷிங் மெஷின் பழுதானால் கம்பெனியிலிருந்து ஒருவர் வருகிறார். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. மூடியைத் திறந்து பார்த்து, ‘போர்டு போயிருக்கிறது, வாங்கித்தான் போட வேண்டும்’ என்று சொல்லிவிட்டு, வந்து பார்த்ததற்கான கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டு ரசீது தருகிறார். ஒரு வேலையும் நடக்கவில்லை. ஒருவரும் முணுமுணுப்பதில்லை. செயலியில் பதிவு செய்து வரவழைக்கிறவர்களும் அப்படித்தான். தெருமுனை பிளம்பரைவிட அதிகம் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள், ஏனென்றால் தொகை முன்கூட்டியே திரையில் தெரிகிறது, பிறகு பில்லும் வந்துவிடுகிறது. ஆக, நம் ஆட்களை உறுத்துவது தொகையைவிட, கடைசி நிமிடம்வரை அது தெரியாமல் இருப்பதுதான். அப்படியானால் செய்ய வேண்டியது, வருவதற்கு இவ்வளவு, முதல் அரைமணி நேரத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று வளாகத்துக்கு வாடிக்கையாக வரும் மூன்று, நான்கு பேருடன் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்லும் தொகையை அவர்கள் பெயருக்கு நேரே எழுதி ஒட்டுவது. ஒருவர் 300 என்பார், ஒருவர் 400 என்பார். இருக்கட்டுமே. யாரைக் கூப்பிடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்துகொள்வார்.

அதோடு ரசீது. வேலைக் கூலி தனியாக, சாமான் தனியாக, சாமானுக்குக் கடை பில் இணைத்து. பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொருளுக்கு மட்டும் அல்ல, சேவைக்கும் அது பொருந்தும். பெரிய தொகை ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. ஆனால் நானூறு ரூபாய்க்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சங்கமே இரண்டு கட்டம் போட்ட ஒரு ரசீதுப் புத்தகத்தை அச்சடித்துக் காவலாளியிடம் வைத்தால் போதும். அச்சகத்தில் சில நூறு ரூபாய் ஆகும். தமிழில் அச்சடியுங்கள்.

இத்தனையும் சின்னச் செலவு. நம் வீடுகளில் பணம் கொட்டிப்போகும் இடம் வேறு, அது சுவருக்குள் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஈரம் படர்ந்தது. மேல்வீட்டுக் குளியலறையில் எங்கோ கசிவு. வந்த பிளம்பர் ஸ்பேனரின் பின்பக்கத்தால் டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். ஒரு டைலை உளியால் பெயர்த்தார். உள்ளே காய்ந்த சிமெண்ட். ஒரு முழம் தள்ளி இன்னொன்று; அதுவும் உலர்ந்திருந்தது. மூன்றாவது இடத்தில்தான் சிபிவிசி என்னும் வெளிர்மஞ்சள் பிளாஸ்டிக் குழாயின் எல்போ, அதாவது வளைவு இணைப்பின் முனை தெரிந்தது. பசை ஒரு பக்கம் சரியாகப் பிடிக்காமல், முடியளவு விரிசலில் நீர் முத்து முத்தாக நின்றது. மாற்றிய எல்போவும் குழாய்த் துண்டும் நூறு ரூபாய்கூட இல்லை. தேடியதற்கு ஒரு நாள் கூலி. பிறகு கொத்தனார். அந்த டைல்ஸ் இப்போது தயாரிப்பிலேயே இல்லை என்று கடைக்காரர் கையை விரிக்க, ஒரு சுவர் முழுவதையும் மாற்றினார்கள். மொத்தச் செலவில் பழுதுக்கு ஆனது சொற்பம். எங்கே பழுது என்று தெரியாததற்கு ஆனதே அதிகம்.

ஏன் தெரியவில்லை? குழாய் போட்டவர் ஒருவர், பழுது பார்ப்பவர் இன்னொருவர். புதிய கட்டடங்களில் குழாய் பதிப்பவர்களில் கணிசமானோர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர்கள். நாடு முழுவதற்கும் பிளம்பர்களை அனுப்பும் மாவட்டம் அது; பட்டாமுண்டையில் பிளம்பிங் கற்றுத்தர அரசுப் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. கை தேர்ந்தவர்கள். கட்டடம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். எந்தச் சுவரில் எந்த உயரத்தில் குழாய் ஓடுகிறது என்பதும் அவர்களோடு போய்விடுகிறது.

போகாமல் இருக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, கட்டடத்தின் ஆவணங்களையும் வரைபடங்களையும் கட்டுமான நிறுவனம் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 14ஆவது பிரிவு இன்னும் முக்கியம்: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாட்களுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். நான் சொன்ன அந்த வீட்டுக்கு ஐந்து வயது ஆகியிருக்கவில்லை. சுவர் முழுவதும் சொந்தச் செலவில். சங்கத்திடம் கேட்டதற்கு, ‘அது உங்கள் வீட்டு உள்விவகாரம்’ என்று பதில் வந்ததாம். பிளம்பரின் 150 ரூபாயில் காட்டும் கறாரை அந்தக் கட்டுநரிடம் காட்டியிருந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பல ஆயிரம் மிஞ்சியிருக்கும்.

ஐந்து ஆண்டு தாண்டிவிட்டதா? வரைபடம் கிடைக்கவில்லையா? இனி எந்த வீட்டில் சுவரை உடைத்தாலும், மூடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே அமைப்பில் கட்டிய வீடுகள்தானே. ஒரு வீட்டில் குழாய் ஓடும் இடம் தெரிந்தால் மேலும் கீழும் உள்ள வீடுகளுக்கும் பெரும்பாலும் அதுவே பொருந்தும்.

இன்னொரு யோசனையும் உண்டு. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. உப்புப் படிந்து ஷவர் அடைத்துக்கொள்கிறது, குழாயின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் இறுகிவிடுகிறது, ஃப்ளஷ் டேங்க் மிதவை பாதியில் நிற்கிறது. ஒரே தண்ணீர் என்பதால் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பழுது. (குழாய் நுனியின் வலையைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைத்தால் பாதி அடைப்பு போய்விடும், பிளம்பரே வேண்டாம்.) பத்து வீட்டுக்காரர்கள் பத்து நாட்களில் பத்து பேரைக் கூப்பிட்டு, பத்து முறை வருகைக் கட்டணம் கொடுப்பானேன்? மாதத்தில் ஒரு நாள் ஒரு பிளம்பரையும் ஓர் உதவியாளரையும் சங்கமே முழு நாள் கூலிக்கு அமர்த்தட்டும். இருவருக்கும் சேர்த்து 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 240. அவருக்கு அலைச்சல் இல்லாத ஒரு நாள் வேலை. நமக்கு, ஃப்ளஷ் டேங்குக்கும் அடைப்புக்கும் நீங்கள் வைத்த உச்சவரம்பைவிடக் குறைந்த செலவு. யாருடைய வயிற்றிலும் அடிக்காமல் செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

அவசரம் என்பது தனி. இரவு பதினொரு மணிக்குக் குழாய் வெடித்து, கூடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது வருகிறவர் இரண்டு மடங்கு கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதைவிட, ஒவ்வொரு வீட்டின் தண்ணீரையும் நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று குடியிருப்பவர்களுக்குக் காட்டிவைத்தால் அந்த அழைப்புகளில் பல காலைவரை காத்திருக்கும்.

கடைசியாக, எங்கள் வளாகத்துத் தாளின் அடியில் ஒரு வரி இருக்கிறது: ‘செப்டிக் டேங்க் இறங்கிச் சுத்தம் செய்ய – ஆளுக்கு 1,000.’ மற்றதெல்லாம் விவாதத்துக்கு உரியவை, இது அப்படியல்ல. பாதுகாப்புக் கவசங்கள் இன்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டுவரை சிறை, 2 லட்ச ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி இறங்கி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது. அந்த வேலைக்கு உறிஞ்சு லாரி இருக்கிறது; 14420 என்று ஓர் உதவி எண்ணே இருக்கிறது. ஆனால் சங்கத்தின் முத்திரையோடு, ஆளை இறக்குவதற்கு விலை எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

வருகைக் கட்டணம், ரசீதுப் புத்தகம், மாதாந்திர பிளம்பர் நாள், வரைபடம் ஆகியவற்றை அடுத்த பொதுக்குழுவில் வையுங்கள். பேசுவோம், சண்டை போடுவோம். அந்தக் கடைசி வரியை மட்டும் பொதுக்குழுவரை விட்டுவைக்காமல் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர் ஒருவர்