உதிரிபாகம் நம்முடையது, செய்கூலி அவருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வீஸ் செலவைக் குறைப்பதற்காக உதிரிபாகங்களைத் தாங்களே கடையில் வாங்கிக்கொண்டு போய்ப் பணிமனையில் பொருத்தித் தரச் சொல்லும் கார் உரிமையாளர்களை எங்கள் வடசென்னைப் பகுதியில் இப்போது அடிக்கடி காண்கிறேன். அதைப் பணிமனைக்காரர் அவமதிப்பாகவும், கார்க்காரர் தம் பிறப்புரிமையாகவும் எடுத்துக்கொள்வதால் எழும் சச்சரவுகளை மூலக்கடையிலும் தண்டையார்பேட்டையிலும் நேரில் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றில் நானே ஒரு தரப்பு. பிரேக் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரப்பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், இரு தரப்பின் நியாயமும் எனக்கு ஓரளவு விளங்குகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்களுடைய சிறிய பெட்ரோல் காருக்கு நான்கு வயது முடிந்திருக்கிறது. கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டி இன்னும் ஓராண்டு இருக்கிறது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் ஒன்றில் சென்ற மாதம் வண்டியை விட்டபோது, 14,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அதில் முன்சக்கர பிரேக் பேடுகளுக்கு மட்டும் 3,150 ரூபாய். அதே பேடுகளைச் செய்து தரும் நிறுவனம் தன் சொந்தப் பெட்டியில் விற்கும் ஜோடி, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் (ஜி.பி. ரோட்டில்) 1,850 ரூபாய்க்குக் கிடைத்தது. எஞ்சின் ஆயிலையும் மூன்று ஃபில்டர்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் 1,100 ரூபாய் மிச்சம். ஆக, ஒரு பகல் அலைச்சலில் மிஞ்சக்கூடியது 2,400 ரூபாய். ஆனால் அதே எஸ்டிமேட்டில் ஏசி கிருமிநீக்கம், த்ராட்டில் பாடி சுத்தம், எஞ்சினுக்குள் ஊற்றும் ஏதோ ஒரு திரவம் என்று மூன்று வரிகளுக்கு 3,600 ரூபாய் போட்டிருந்தார்கள்; காருடன் கொடுத்த கையேட்டில், அந்தக் கிலோமீட்டருக்குரிய பக்கத்தில், மூன்றில் ஒன்றுகூட இல்லை. கடைவீதிக்குப் புறப்படுவதற்கு முன் கையேட்டைப் புரட்டுங்கள் என்று நண்பர்களுக்கு நான் சொல்வது இதனால்தான். பேனாவால் அடித்த அந்த மூன்று கோடுகள் மிச்சப்படுத்தியதை ஜி.பி. ரோடு மிச்சப்படுத்தவில்லை.

வெளியில் வாங்கிய பாகங்களைப் பொருத்தும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றும், வேறு இடத்தில் பொருத்தினால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்றும் அந்த மையத்தில் சொன்னார்கள். இதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். எழுதித் தரும் வழக்கமும் இல்லை என்றார்கள். முதலாவதை நான் குறை சொல்ல மாட்டேன். தாம் வாங்காத பொருளைப் பொருத்த மறுப்பது ஒரு வணிகரின் விருப்பம். இரண்டாவது அப்படியல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த ஆணையில், உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், தனியார் பணிமனையில் வேலை பார்த்ததற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் கூறியிருக்கிறது. வெளியில் செய்த வேலையில் பிழை இருந்து அதனால் சேதம் நேர்ந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம். அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் வரவேற்பு மேசையில் பழைய பாட்டையே பாடுகிறார்கள் என்றால், கேட்பவர்களுக்கு இது தெரியாது என்ற நம்பிக்கைதான் காரணம்.

ஆணையின் துணையோடும் கொஞ்சம் கர்வத்தோடும், ஜி.பி. ரோட்டில் வாங்கிய பேடுகளை எடுத்துக்கொண்டு மூலக்கடைப் பக்கம் உள்ள, எனக்குப் பல வருடப் பழக்கமான ஒரு சிறு பணிமனைக்குப் போனேன். காலை ஒன்பதரை மணிக்கு வண்டியை ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, பேடுகளைப் பிடித்து அழுத்தும் கேலிப்பரைத் திறந்து பார்த்தால், பேடின் பின்தகடு உட்காரவில்லை. ஒரே மாடல், ஒரே ஆண்டு. ஆனால் ஆண்டின் நடுவே கேலிப்பர் மாறியிருக்கிறது. கடையில் மாடலையும் வருடத்தையும் சொன்ன நான், சேஸி எண்ணைச் சொல்லவில்லை. ஆயுள் முழுவதும் பிரேக் பேடுகளை அளந்து பார்த்தவன் செய்த தவறு இது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இருசக்கர வாகனத்தில் ஜி.பி. ரோட்டுக்கு மறுபடியும் ஓடி, கெஞ்சி, மாற்றிக்கொண்டு திரும்பியபோது மாலை நான்கு மணி. அதுவரை அந்தச் சிறிய பணிமனையின் ஒரே லிஃப்டில் என் வண்டி சக்கரமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு இரண்டு வண்டிகளை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். வேலை முடிந்து கூலி கேட்டபோது, “ஐந்நூறு குடுங்க சார்” என்றார்.

மையத்தின் மேல் எனக்கிருந்த கோபம் அந்த ஐந்நூறு ரூபாயில் வேறு பக்கம் திரும்பியது. பகல் முழுவதும் இடத்தை அடைத்துக்கொண்ட வேலைக்கு அவரால் எப்படி ஐந்நூறு கேட்க முடிகிறது? வழக்கமாக அவர் கூலியில் பிழைப்பதில்லை. பாகத்தில் கிடைக்கும் லாபத்தில் பிழைக்கிறார். கடைக்காரர் அவருக்குத் தரும் தள்ளுபடிதான் வாடகையும் மின்கட்டணமும் உதவிப் பையனின் சம்பளமும். பாகத்தை நாம் வாங்கிக்கொண்டு போய்விட்டுக் கூலியை மட்டும் பழைய கணக்கிலேயே கொடுத்தால், நாம் மிச்சம் பிடித்ததாக மகிழ்வது அவருடைய வாடகையை. மெக்கானிக்குகள் முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். ‘ஹோட்டலுக்கு அரிசி கொண்டுபோவீர்களா’ என்று அவர்கள் கேட்பதில் உள்ள எரிச்சலும் இதுதான்.

ஆனால் ஹோட்டல் உவமை பொருந்தாது. பொருந்துவது கல்யாணச் சமையல். நம் வீடுகளில் சமையல்காரர் மளிகைச் சீட்டு எழுதித் தருவார். இத்தனை கிலோ துவரம்பருப்பு, இன்ன ரக அரிசி என்று அளவும் தரமும் அவர் சொல்வார். வீட்டுக்காரர் வாங்கிப் போடுவார். சமையல்காரர் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்வார். பருப்பு வேகவில்லை என்றால் வாங்கியவர் பொறுப்பு, சாம்பார் அடிப்பிடித்தால் சமைத்தவர் பொறுப்பு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. நகைக்கடையில்கூடத் தங்கத்தின் விலை வேறு, செய்கூலி வேறு என்று சீட்டில் பிரித்துத்தான் போடுகிறார்கள். கார்ப் பணிமனையில் மட்டும் இரண்டையும் ஏன் கலக்க வேண்டும்? வண்டியைப் பார்த்தபின், தேவையான பாகங்களை அவற்றின் பாக எண்ணோடு மெக்கானிக்கே ஒரு சீட்டில் எழுதித் தரட்டும். அப்படிப் பார்த்து எழுதுவதற்கும் ஒரு கட்டணம் வாங்கட்டும். பாகம் அவருடையதானால் ஒரு கூலி, நம்முடையதானால் சற்றுக் கூடுதலான ஒரு கூலி என்று முன்கூட்டியே சொல்லட்டும். என் வழக்கில் அப்படியொரு சீட்டு இருந்திருந்தால், பேடுகளை மாற்றுவதற்காக நான் இரண்டாம் முறை ராயப்பேட்டைவரை போயிருக்க வேண்டியதில்லை.

எல்லாப் பாகத்தையும் இப்படி வாங்கலாமா என்றால், கூடாது என்பதே என் கருத்து. கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதும், உதிரிபாகத்தைச் செய்தவர் தம் பெயரில் விற்கும் பெட்டியில் வருவதும் ஒரே பொருள்தான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து மக்களுக்கு அந்த நம்பிக்கை வருவது இயல்பு. பாடியில் பிரேக்கும் மின்னுறுப்புகளும் செய்யும் ஆலைகள், செம்பியத்தில் பிஸ்டன், எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் ஒருகாலத்தில் மோட்டார் சைக்கிள் என்று வாகனத் தொழிலோடேயே வளர்ந்த ஊர் இது. வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு ஆலையில் வேலை பார்த்திருப்பார். ஃபில்டர், பேரிங், ஸ்பார்க் பிளக் போன்றவற்றில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி. பிரேக் பேடில் எப்போதும் சரியல்ல. உராய்வுப் பொருளின் கலவை, கார் நிறுவனத்துக்கு ஒன்றாகவும் வெளிச்சந்தைக்கு வேறாகவும் இருக்கலாம். வேறு என்பதாலேயே மட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்றே என்றும் சொல்ல முடியாது. பல பேடுகளின் பின்தகட்டிலோ விளிம்பிலோ நீண்ட குறியீடு ஒன்றும் அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது மிகுந்த சூட்டிலும் பேடுக்கு உள்ள உராய்வைக் குறிக்கும். ‘எஃப்’ என்றால் உராய்வுக் கெழு 0.35-க்கும் 0.45-க்கும் இடைப்பட்டது. பழைய பேடில் இருந்த எழுத்துகள் புதியதிலும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். குறியீடும் உற்பத்தித் தொகுதி எண்ணும் எதுவுமே இல்லாமல் பெட்டி மட்டும் பளபளப்பாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடைந்த பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பின்விளக்கு ஆகியவற்றை அங்கே பழைய பாகமாக வாங்குவதில் பிழையில்லை; நானும் வாங்கியிருக்கிறேன். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றில் பழைய பாகம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கணினிப் பெட்டி போன்ற மின்னணு உறுப்புகளும் அப்படித்தான். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து கழற்றியதா என்பது வெளித்தோற்றத்தில் தெரியாது, ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். பிரேக் ஆயிலையும் பாதி திறந்த டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாத கொதிநிலை கொண்ட டாட் 4 ரகத்துக்கே, ஈரம் ஏறியபின் தரநிர்ணயம் கேட்பது 155 டிகிரிதான். கடலோரம் குடியிருக்கும் நமக்கு ஈரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சின் ஆயிலை சீல் உடைக்காத கேனில் வாங்கி, ஊற்றி முடித்ததும் காலிக் கேனில் ஓர் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். போலி ஆயில் அடைப்பவருக்கு அந்தக் கேன்தான் மூலதனம். ஏர் ஃபில்டரை மட்டும் கையேடு சொல்லும் கிலோமீட்டர் வரை விட்டுவைக்காதீர்கள்: மணலி, எண்ணூர் சாலைகளில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓடும் காரின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கில் மட்டுமே விலையுள்ள, கையாலேயே மாற்றக்கூடிய பாகம் அது. சொந்தமாக வாங்கிப் பழகுவதற்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பில் விஷயத்தில் நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. வரியைத் தவிர்ப்பதற்காகப் பில் வேண்டாம் என்று நாமே சொல்கிறோம். வாகன உதிரிபாகங்களுக்கு 28 விழுக்காடு வரி இருந்த காலத்தில் அந்த ஆசையைப் புரிந்துகொள்ள முடிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் 18 விழுக்காடு என்று குறைந்துவிட்டது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு பணிமனை ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே நடக்கலாம் என்பதால் அங்கே கூலிக்கு வரியே வராது. கையால் எழுதிய ரசீதே போதும். பாகத்துக்கு ஒரு பில், கூலிக்கு ஒரு ரசீது, இரண்டிலும் தேதியும் கிலோமீட்டரும்: நாளை வாரண்டித் தகராறு வந்தாலோ, போலிப் பாகம் என்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டியிருந்தாலோ, கையில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது. ரசீது தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் ஒரு பிரிவாக இருக்கிறது. நான் அத்துறையை வேண்டுவது ஒன்றுதான். அங்கீகாரம் பெற்ற மையங்களின் ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டில்) ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் எண், விலை, பொருத்தும் கூலி ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் அச்சாகியிருக்க வேண்டும் என்றும், கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளர் கேட்டால் கையில் தர வேண்டும் என்றும் கட்டாயமாக்குங்கள். சிறு பணிமனைகளுக்கு இதைச் சட்டமாக்கத் தேவையில்லை. மூலக்கடைக்காரர் இப்போதே ஒரு துண்டுச் சீட்டில் பாக எண்ணை எழுதித்தான் என்னைக் கடைக்கு அனுப்புகிறார். அடுத்த முறை பின்சக்கர வேலைக்கு அவர் கூலியாக 900 ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்,
சென்னை – 600 019.