கடகம் தூக்க ஆள் கேட்ட ஆச்சிக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

அன்பான உறவுகளுக்கும் ஊரவர்களுக்கும்,

ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வந்தது என்னவென்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை, எழுதத் தேவையுமில்லை. கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். முந்தாநாள் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, தானாகக் கேட்டு ஒரு பிளேன்ரீ குடித்தார். அதைக் கண்ட கையோடு எழுதுகிறேன். சொற்கள் முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இராவோடு இராவாகச் சுன்னாகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கு நன்றி. எத்தனை தரம் நீட்டியும் காசு வாங்காத ஓட்டோக்காரத் தம்பிக்கு, தன் தாயோடு பக்கத்துக் கட்டிலடியில் நின்றுகொண்டு எங்களுக்கும் சேர்த்து இடியப்பமும் சொதியும் கொண்டுவந்த பருத்தித்துறை அக்காவுக்கு, என் விஞ்ஞான பாடங்களைத் தங்கள் பாடவேளைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்ட சக ஆசிரியர்களுக்கு, பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்தவர்களுக்கு, மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியவர்களுக்கு, கனடாவிலும் லண்டனிலும் நித்திரை முழித்துப் போனுக்குள் இருந்த சொந்தங்களுக்கு, எங்கள் உயிர் உள்ளவரை நன்றி. ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுதலாம். எழுதவும் வேண்டும்.

ஆனால் இன்றைக்கு ஒருவரைப் பற்றித்தான் விரிவாக எழுதப்போகிறேன். எங்கள் ஒழுங்கை முடக்கில் இருக்கும் ஆச்சி. இந்த மடலை அவவுக்கு நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். கிட்டப் பார்வை குறைவு. ஆனால் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கொக்கை எனக்கு முதல் கண்டுவிடுவா.

இரவில் மகன் வார்ட்டில் நிற்பான், பகலில் நான் போவேன். இடையில் வீட்டில் கிடைக்கும் விடியற்புறம்தான் என்னால் தாங்க ஏலாத நேரம். நித்திரை வராது, எழும்பவும் மனம் வராது. போனைக் கைக்குள் வைத்துக்கொண்டு, அடித்துவிடுமோ என்ற பயத்தோடு கிடப்பேன். அப்படி ஒரு விடியலில் படலையில் தட்டுச் சத்தம் கேட்டது. தலையில் துவாய், கையில் உழவாரம், இடுப்பில் பனையோலையில் இழைத்த வெறுங் கடகத்தோடு ஆச்சி நின்றா.

"பிள்ளை, மாட்டுக்குப் புல்லுச் செருக்கப் போறன். மழைக்குக் கரை சறுக்குது. கடகம் தூக்க ஒரு ஆள் வேணும், வாறியே?"

ஊர் முழுக்க எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஆச்சி ஒருத்திதான் தனக்கு என்னால் ஒரு உதவி வேண்டும் என்று வந்து நின்றா. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு பின்னால் போனேன். அடுத்த நாளும் வந்து தட்டினா. பிறகு பிறகு நானே படலையைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

நவாலிப் பக்கத்து வயல்களுக்கு நடுவே, வழுக்கையாற்றின் கரையோரமாகத்தான் எங்கள் நடை. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் நன்னீர் ஓடும் ஆறு என்று எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலோடு சேரும், அதுவும் மாரிக்கு மட்டும். கோடையில் அதற்குள் மாடு மேயும். நாங்கள் நடக்கத் தொடங்கியபோது தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. கார்த்திகை அடைமழை பெய்து விட்ட ஒரு காலையில் ஆச்சி ஒரு பூவரசம் இலையைப் பிடுங்கி அதற்குள் போட்டா. இலை கொஞ்ச நேரம் யோசித்து நின்றுவிட்டு, அராலிப் பக்கம் திரும்பி நகர்ந்தது. "ஆறு எழும்பியிட்டுது" என்றா. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவ கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கதை ஒரு சொல்லும் கேட்க மாட்டா. "காலைப் பாத்து வை, பிள்ளை." அவ்வளவுதான். ஊறிய மண் கரை. பாதத்தை முழுதாக ஊன்றி, நிலம் தாங்குகிறதா என்று அறிந்துதான் மற்றக் காலை எடுக்கலாம். புல்லுக்குள் புடையன் பாம்பு கிடக்கும் காலம் வேறு. மனம் வார்ட்டுக்கு ஓடினால் கால் சறுக்கிவிடும். அதனால் மனம் வேறு வழியில்லாமல் காலடியிலேயே நின்றது. அந்த மாதங்களில் அது நின்ற ஒரே இடம் அதுதான்.

திரும்பி வரும்போது ஒரு கேள்வி இருக்கும். "நேற்று இல்லாதது இண்டைக்கு என்ன கண்டனீ?" ஏதாவது ஒன்று சொல்லியே ஆகவேண்டும். முதலில் எனக்கு ஒன்றும் அகப்படாது. பிறகு ஒரு நாள் எங்கள் கிணற்றைச் சொன்னேன். முதல் நாள் பாசியோடு தெரிந்த ஒரு கல் வரிசை தண்ணீருக்குள் போயிருந்தது. "நிலம் குடிக்குது" என்றா. உண்மைதான். எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் இந்த மழையைத்தான் ஆண்டு முழுக்க அள்ளிக் குடிக்கிறோம்.

அதன்பிறகு கண் தானாகத் தேடத் தொடங்கியது. ஈர மணலில் தம்பளப்பூச்சி, வெல்வெட்டுத் துணியில் வெட்டியெடுத்த பொட்டு போல. இரண்டு பேரும் குனிந்து நின்று, அது ஒரு கோரைப் புல்லைச் சுற்றிக்கொண்டு போகும்வரை பார்த்தோம். கிளுவை வேலியில் கார்த்திகைப்பூக் கொடி. அதன் இலை நுனி கம்பியாக நீண்டு, பக்கத்துக் கதியாலைப் பிடித்துச் சுருண்டிருக்கும். மொட்டு நிலம் பார்த்துத் தொங்கும். விரிந்ததும் இதழ்கள் ஆறும் பின்பக்கமாக வளைந்து மேலே நிமிர்ந்துவிடும். முதலில் பச்சையும் மஞ்சளும், நாள் போகப் போகச் செக்கச் சிவப்பு. ஆச்சி அந்த வேலியடியில் உழவாரம் போடவே மாட்டா. கிழங்கு கடும் நஞ்சு, மாட்டுப் புல்லோடு ஒரு துண்டும் சேரக்கூடாது.

ஆறுமணிக்குருவியைக் கண்டது இன்னொரு நாள். மாமரத்தடிச் சருகுக்குள் குட்டை வாலை ஆட்டியாட்டி இலை புரட்டிக்கொண்டு நின்றது. பச்சை முதுகு, செட்டையில் ஒரு கீற்று நீலம், வாலுக்குக் கீழே சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டிய கறுப்புக் கோடு. "இவர் வந்தாரெண்டால் மாரி வந்திட்டுது" என்று ஆச்சி மரியாதையாகச் சொன்னா. இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் இங்கே வந்து மாரியைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போகும் குருவி அது. ஒரு கைப்பிடி உடம்பு. அவ்வளவு தூரம் பறந்து வந்துவிட்டு, ஒரு சருகைப் புரட்டிப் பார்ப்பதே பெரிய வேலை என்று நின்றதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ இளகியது.

ஆஸ்பத்திரியில் உளவளத்துணை செய்யும் ஒரு பிள்ளை, பதற்றம் கூடும்போது கண்ணால் காணும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நான்கு, காதில் கேட்கும் மூன்று, மணக்கும் இரண்டு, நாவில் சுவைக்கும் ஒன்று என்று எண்ணச் சொல்லித் தந்திருந்தா. அவவுக்கும் என் நன்றி. வார்ட்டு விறாந்தையில் என்னால் இரண்டுக்கு மேல் போக முடியவில்லை. வழுக்கையாற்றங்கரையில் அது எண்ணாமலே நடந்தது. வெட்டின புல்லின் மணம், கடகத்தின் ஓலை விளிம்பு, எங்கோ ஒரு தவளை.

தங்கச்சி ரொறன்ரோவிலிருந்து மேப்பிள் மரங்களின் படம் அனுப்பியிருந்தாள். பச்சையம் கரைந்து போக இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் வெளிப்பட, புதிதாகச் சிவப்பும் ஊற, கடைசியில் எல்லாம் உதிர்ந்து பனிக்குக் காத்து நிற்கும் மரங்கள். ஆச்சிக்குப் போனைத் தள்ளிப் பிடித்துக் காட்டினேன். "வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்கட கிளுவை இப்பத்தானே தளிர்க்குது" என்றா. கோடையில் மொட்டையாகக் கிடந்து மாரிக்குத் துளிர்க்கும் ஊர் எங்களுடையது. கூதிர் முடிந்து முன்பனி வரும்போது எங்கள் வயல் கரும்பச்சையில் நிற்கும்.

கார்த்திகை விளக்கீடு அன்று நான் வீட்டில் இல்லை. ஆச்சிதான் எங்கள் படலையிலும் கிணற்றடியிலும் தடியில் துணி சுற்றிப் பந்தம் குத்தியிருந்தா. மார்கழி பிறந்து, விடியற்புறத்துச் சங்கும் சேமக்கலமும் கேட்கத் தொடங்கியபோது மழை குறைந்து வாடை மட்டும் நின்றது. நெற்பயிரின் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு துளி. பனி மட்டுமல்ல அது. இரவில் வேர் இழுத்த தண்ணீரைப் பயிரே நுனியால் வெளியே தள்ளும். வகுப்பில் கீறிக் காட்டுகிற விஷயம்தான், ஆனாலும் மொட்டைக்கறுப்பன் நெல் வயலின் நடுவே குனிந்து அதை விரல் நுனியில் ஏந்துவது வேறு. அன்றைக்கு மத்தியானம்தான் கணவரைக் கட்டிலில் எழுப்பி இருத்தினார்கள்.

செல்வச்சந்நிதி முருகனுக்கு நான் வைத்த நேர்த்தியைத் தையில் தீர்ப்பேன். அதோடு இன்னொரு நேர்த்தியும் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் எந்த வீட்டிலாவது ஒருவர் விடியற்புறத்தில் போனைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று தெரிந்தால், அந்தப் படலையில் போய்த் தட்டுவேன். எனக்கு ஒரு கை வேண்டும் என்று கேட்பேன். வராவிட்டால் அடுத்த நாளும் தட்டுவேன்.

கணவர் இப்போது படலை மட்டும் நடக்கிறார். அதற்கு மேல் டொக்டர் இன்னும் விடவில்லை. நெல் வெட்டுக்கு முன் ஆற்றங்கரைக்கு வந்து காட்டுகிறேன் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார். அவ ஓலை நனையப் போட்டு, அவருக்கென்று அளவாக ஒரு சின்னக் கடகம் இழைக்கத் தொடங்கிவிட்டா.

நன்றியுடன்,
ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து