பேரன் தின்ற பான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பையன், "தாத்தா, காலையில பான் சாப்பிட்டேன்" என்றானே, அப்போது உன் அம்மா முகத்தைக் கவனித்தாயா? போனை வைத்ததுதான் தாமதம். "ஆறு வயசுப் பிள்ளைக்குப் பான் வாங்கிக் குடுக்கறாளா உங்க பொண்ணு?" என்று பிடித்துக்கொண்டாள். ஜப்பானில் ரொட்டிக்கு அதுதான் பெயர் என்று நம்பவைப்பதற்குள் என் காப்பி ஆறிவிட்டது.

அதிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. 1543-இல் ஜப்பானில் கரையேறிய போர்ச்சுகீசியர், மூக்கால் 'பாவ்' என்று சொன்னதுதான் அங்கே பான் ஆனது. 1505-இல் இலங்கைக்குப் போனவர்களும் அவர்களே. நம் மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா "ஒரு றாத்தல் பாண்" என்பாரே, அதுவும் அதே ரொட்டி. பம்பாய்க்காரர்களின் வடா பாவும் அப்படித்தான்.

அம்மா பயந்த பான் வேறு. சமஸ்கிருதத்தில் 'பர்ணம்' என்றால் இலை. அது தேய்ந்து வடக்கே வெற்றிலைக்குப் பெயரானது. ரொட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பான் கார்டு இன்னும் மோசம், வெறும் மூன்று ஆங்கில எழுத்து. (உன்னுடையதை ஆதாரோடு இணைத்துவிட்டாயா?)

தமிழில் பாண் என்றால் பாட்டு. திண்டிவனம் பக்கத்து ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பாணனை அனுப்பும் சிறுபாணாற்றுப்படையில், ஓர் ஏழை வீட்டு அடுப்படி வரும். கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க வர, தாய் நாய் வலி பொறுக்காமல் குரைக்கும். சுவரைக் கறையான் அரித்திருக்கும், தரையில் காளான் பூத்திருக்கும். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அடுத்தவர் பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்பார்கள். பாண் என்றால் எனக்கு முதலில் அந்தக் கதவுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் நம்மூர் பிரெஞ்சுக்கு வா. பள்ளியில் வாத்தியார் ரொட்டியை மூக்கால் 'பேன்' என்று சொன்ன அன்று வகுப்பே தலையைச் சொறிந்தது. அதற்கும் போர்ச்சுகீசியரின் 'பாவு'க்கும் தாய் ஒன்றே, லத்தீனின் 'பானிஸ்'. உடன் உட்கார்ந்து அந்த பானிஸைப் பகிர்ந்து தின்பவன் என்பதிலிருந்துதான் கம்பெனி என்ற சொல்லே பிறந்தது. நம் முன்னோர் வாயில் அது கும்பினி. 1674-இல் கும்பினிக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்து உட்கார்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர் பந்தியிலிருந்து எழுந்திருக்க 1954 ஆயிற்று!

இன்று காலை நடந்துவிட்டு வரும்போது நீளமான பிரெஞ்சு ரொட்டி ஒன்று வாங்கி வந்தேன். சுற்றியிருந்த தாளையும் மீறிச் சட்டையெல்லாம் பொருக்கு. "இந்தா, உன் பேரன் தின்ற பான்" என்று நீட்டினேன். ஒரு முனையைப் பிய்த்துக் காப்பியில் தோய்த்துத் தின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு துண்டு பிய்த்தாள்.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது மாடி அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். காலையில் என்ன சாப்பிட்டான் என்று பையனை அவரிடம் சொல்லச் சொல். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
அப்பா