உளவளத்துணை அறையில் சொன்னது அங்கேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை மாணவர்களின் உளநலம் குறித்து அண்மையில் உங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். பரீட்சைப் பயம், கைத்தொலைபேசி, போதைப்பொருள், தாய்மார் வெளிநாடு சென்றதால் தனித்துப்போன பிள்ளைகள் என்று பலவற்றையும் அக்கறையோடு தொட்ட அக்கட்டுரை, ஒரு பகுதிப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் சொல்லவில்லை. தம் பாலினரிடமே ஈர்ப்புக் கொள்ளும் பிள்ளைகளும், பிறப்பில் பதியப்பட்ட பாலோடு தம் உள்ளம் பொருந்தாமல் தவிக்கும் பிள்ளைகளும், அதாவது பால்புதுமையினர் என்று இன்று தமிழில் மரியாதையோடு குறிக்கப்படுவோரும், திருகோணமலை நகரின் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் இம்மாவட்டத்தில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அவர்களுக்காக எழுதுவது என் கடமை. பணியில் இருந்த காலத்தில் அக்கடமையை நான் தவறவிட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பத்தாம் தரத்தில் மென்மையான குரலும் ஒதுங்கிய சுபாவமும் கொண்ட ஒரு மாணவன் இருந்தான். வகுப்பின் வரவுப் பதிவேடான இடாப்பில் அவனுடைய இலக்கம் ஒன்பது. அந்த எண்ணை நம்மவர்கள் எந்த இழிவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். காலையில் நான் இலக்கங்களைக் கூப்பிட்டு வர, அந்த இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு எழும். நான் மேசையில் தட்டி அமைதிப்படுத்திவிட்டுப் பத்தாம் இலக்கத்துக்குப் போய்விடுவேன். இலக்கத்தை விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம் என்ற எளிய யோசனைகூட எனக்கு அன்று வரவில்லை. சில மாதங்களில் அவன் இடாப்புக் கூப்பிட்டு முடிந்த பிறகே வகுப்புக்கு வரத் தொடங்கினான். பிந்தி வருகிறான் என்று அதற்கும் தண்டனை கிடைத்தது.

ஒருநாள் அவன் துணிந்து, உளவளத்துணைக்கு, அதாவது மாணவரின் மனக்கவலைகளைக் கேட்டு ஆலோசனை சொல்வதற்கு, பொறுப்பாக இருந்த ஆசிரியரிடம் தன் மனத்தில் கிடந்ததைச் சொன்னான். அவர் தீங்கு நினைப்பவர் அல்லர். பெற்றோருக்குத் தெரிவிப்பதே தமது பொறுப்பு என்று உண்மையாகவே நம்பியவர். மறுநாளே தகப்பனாரை அழைத்துப் பேசினார். வீட்டில் அடித்தார்கள், கழிப்புக் கழித்தார்கள், நூல் கட்டினார்கள், கடைசியில் வேறு மாவட்டத்தில் இருந்த உறவினர் ஒருவரின் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். கணிதத்தில் என் வகுப்பில் முதல் மூவருக்குள் வந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை எழுதவே இல்லை. நெடுங்காலம் கழித்துப் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு, ஓடி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பேசியவன், பேச்சினிடையே, "நான் அவருக்கு மட்டும்தான் சொன்னனான், ரீச்சர்" என்றான். யாரையும் அவன் குறை சொல்லவில்லை. அந்த "மட்டும்" என்ற சொல் இன்றுவரை என்னை உறங்கவிடாத இரவுகள் உண்டு.

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளை தன் பாலீர்ப்பைப் பற்றியோ பால்நிலையைப் பற்றியோ நம்பிச் சொன்னால், அப்பிள்ளையின் சம்மதமில்லாமல் அச்செய்தி வீட்டுக்கோ, அதிபரின் மேசைக்கோ, ஆசிரியர் ஓய்வறைக்கோ போகக் கூடாது என்பதை நமது பாடசாலைகள் எழுத்திலுள்ள விதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். நல்ல மனம் படைத்த ஆசிரியர்களின் பெருந்தன்மைக்கு இதை விட்டுவிட முடியாது என்பதற்கு மேலே சொன்ன பிள்ளையே சாட்சி.

பெற்றோருக்கு மறைப்பதா என்று கேட்பார்கள். நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். அக்கேள்வியின் வலி எனக்குத் தெரியும். ஆனால் மறைப்பது வேறு, பிள்ளை தானே சொல்லத் தயாராகும்வரை காத்திருப்பது வேறு. காத்திருக்கும் காலத்தில் ஆசிரியர் செய்யக்கூடியவை நிறைய உண்டு: வீட்டில் யார் கோபப்படுவார், யார் மடியில் எடுத்துக்கொள்வார் என்று பிள்ளையோடு இருந்து யோசிக்கலாம், முதலில் அம்மம்மாவிடம் சொல்வதா, மூத்த அக்காவிடம் சொல்வதா என்று தீர்மானிக்க உதவலாம், பிள்ளை கேட்டால் அந்த நேரத்தில் கூடவும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றோ, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றோ தெரிந்தால் ஆசிரியர் வாய்திறந்தே ஆக வேண்டும் என்பதில் ஐயமில்லை. அப்போதுங்கூட, பிள்ளை தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறது, தனியே விடாதீர்கள் என்று எச்சரிப்பதற்கு, அந்த எண்ணத்தின் பின்னால் யார்மீது கொண்ட அன்பு இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த இரகசியம் வெளிவந்தால் ஆபத்து கூடுமோ, அதையே ஆபத்தைத் தடுக்கிறேன் என்று வெளியிடுவது எவ்வளவு பெரிய பிழை!

நமது ஊரின் அளவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உவர்மலையில் காலையில் சொன்னது மாலைக்குள் உப்புவெளியில் தெரிந்துவிடும். உளவளத்துணை ஆசிரியர் பல வேளைகளில் அதே பிள்ளைக்குப் பாடமும் எடுப்பவர். சிலவேளை தாய்க்கு உறவினர். பிள்ளை போகும் கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ நிர்வாகத்தில் இருப்பவர். நான் கற்பித்த பாடசாலை ஒன்றில் உளவளத்துணை அறை என்பது நூலகத்தின் ஒரு மூலையை அலுமாரியால் மறைத்த இடமாக இருந்தது. யார் உள்ளே போகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதை ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். கதவுள்ள ஒரு சிறு அறையும், எல்லா மாணவரும் தவணைக்கு ஒருமுறையாவது அங்கு சென்றுவரும் வழக்கமும் இருந்தால், போகிற பிள்ளையைப் பார்த்து எவரும் எதையும் ஊகிக்க மாட்டார்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஆசிரியர்கள் தயங்குவதற்குச் சட்டத்தைக் காரணம் காட்டுவார்கள். பிரித்தானியர் 1883 இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ ஆகிய பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை என்பது உண்மைதான். 1995 இல் செய்யப்பட்ட திருத்தம் பெண்களையும் 365அ பிரிவுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அப்பிரிவுகள் தண்டிப்பது செயல்களை. ஒரு பிள்ளையின் உள்ளத்தில் எழும் ஈர்ப்பையோ, அதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஆசிரியரையோ அல்ல. அப்பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்ததும், அச்சட்டமூலம் சட்டமாகாமலே போனதும் நாம் அறிந்தவை. பாராளுமன்றம் தன் வேலையைச் செய்யும்வரை வகுப்பறை காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டு முதல், 16 வயது கடந்த ஒருவர் மனநல மருத்துவரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழில் தம் பாலையும் பெயரையும் மாற்றிக்கொள்ள இந்த நாட்டில் வழி இருக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குரிய வயது அது. இவ்வழி இருப்பதை அறிந்த ஆசிரியரை இதுவரை நான் சந்தித்ததில்லை.

இது நோய், மருந்தால் மாறும் என்று சொல்வோருக்கு ஒன்று மட்டும்: உலக சுகாதார நிறுவனம் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990 மே 17 ஆம் திகதி. இது நம் பண்பாட்டுக்கு அந்நியம் என்போர் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைத் திறந்து பார்க்கலாம். ஆண்மை திரிந்தோரையும் உயர்திணையில் வைத்து இலக்கணம் சொன்ன மொழி நம்முடையது. மக்கள் என்ற வரிசையிலிருந்து அவர்களை வெளியே தள்ளியது பின்னால் வந்த நம் பழக்கம்.

எங்களால் முடியுமா என்று கேட்கும் இளம் ஆசிரியர்களுக்கு 2004 ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். மார்கழி மாதத்தில் கடல் வந்துபோன பிறகு, இந்தக் கரையோரப் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, நம் முன்னே இருந்த பிள்ளைகளிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. குறுகிய பயிற்சிகளில் கற்றுக்கொண்டோம். பிள்ளை பேசும்வரை பக்கத்தில் இருப்பது, அழுதால் நிறுத்தச் சொல்லாதிருப்பது, சொன்னதை இன்னொரு பிள்ளைக்குக் கதையாகச் சொல்லாதிருப்பது என்பவை அப்போது நாம் பழகியவை. தாயை இழந்த பிள்ளையின் அருகில் அப்படி அமர்ந்தவர்களுக்கு, தன்னை வெளியே சொல்ல முடியாத பிள்ளையின் அருகிலும் அமரத் தெரியும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பஸ் ஏறி நகரத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, வீட்டுக்கு வெளியே தெரிந்த ஒரே பெரியவர் ஆசிரியராக இருக்கிறார்!

பட்டப்பெயர் சொல்லி வதைப்பதைப் பகிடி என்று கடந்து போகாமல் ஒழுக்கக்கேடாகவே நடத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, தேசிய உளநல நிறுவகத்தின் 1926 ஆகிய தொலைபேசி இலக்கங்களை ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டிவைப்பது ஒருநாள் வேலை.

வலயக் கல்விப் பணிமனை அடுத்த தவணை தொடங்குமுன் உளவளத்துணை ஆசிரியர்களை ஒன்றுகூட்டி, இரகசியம் காப்பது பற்றிய விதியை அவர்களோடு சேர்ந்தே எழுதும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு வந்து, ஒன்பதாம் இலக்கத்தைப் பற்றி என் வாயாலேயே சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன். அவனுடைய பெயரை மட்டும் கேட்க வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.